கம்பி வராத திடல்

எங்க ஊர்த் தெருவுக்குக் கரண்டு வந்தது. பிறகு சேரிக்கும் வந்தது. சேரிக்குக் கிழக்கே ரெண்டு மா வயலைத் தாண்டி ஒரு திடல் இருக்கிறது. அதில்தான் எங்க மனை. அங்கே மட்டும் இன்றுவரை கம்பி வரவில்லை. கம்பம் நட்டால் நடுவில் இருக்கிற வயலில்தான் நடவேண்டும். வயல்காரர் சம்மதிக்கவில்லை. எங்க மனு ஆபீசில் கிடக்கிறது.

அந்தத் திடலில் போய் ஏன் தனியாகக் குடியிருந்தீர்கள் என்று தோழர்கள் கேட்கிறார்கள். நாங்களாகப் போகவில்லை. நெற்களத்துக்குக் காவல் வேண்டும் என்று ஆண்டைதான் எங்க தாத்தாவை அங்கே குடிவைத்தார். கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்கு வீடும் வேலையும் வேறுவேறு இல்லை. வேலை போனால் வீடும் போகும். ஒரு வருஷம் மழையில் தண்ணீர் உள்ளே வருதேன்னு தாத்தா மண்சுவரை ஒரு படை ஏற்றி வைத்தாராம். மறுநாளே காரியக்காரர் வந்து, “யாரக் கேட்டுடா ஏத்துன?”ன்னு மண்வெட்டியால் வெட்டித் தள்ளிவிட்டுப் போனாராம். அப்பாயி இதைச் சொல்லும்போதெல்லாம் கையை இடுப்பளவுக்குக் காட்டுவாள். சுவர் அவ்வளவு உயரம்தான் இருந்தது.

இது எங்க ஒரு வீட்டுக் கதை இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு வந்த அரசாணையால்தான் பஞ்சமி நிலம் உண்டானது. அந்த நிலத்தைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தது அதற்காகத்தான். ஆனால் அதே அறிக்கை குடியிருக்கிற மனையைப் பற்றியும் பேசியது. மனை மிராசுதாரின் பிடியில் இருக்கிறவரை அதில் குடியிருக்கிறவன் அவருக்குக் கட்டுப்பட்டவன்தான். செங்கல்பட்டு வேறு, தஞ்சாவூர் வேறு. இந்த ஒன்று மட்டும் ரெண்டுக்கும் பொது.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்பு மனையை விட்டு வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டம். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. உயிருக்குப் பயந்து ஒளிய அவர்களுக்கு இருந்த இடமும் ஒரு கூரைக் குடிசைதான். 1971இல்தான் குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. எங்க தாத்தாவுக்கு மனை சொந்தமானது அப்படித்தான். திடல் சொந்தமானது. திடலுக்குப் போகிற வழி சொந்தமாகவில்லை. இன்றைக்கும் வரப்பில்தான் நடக்கிறோம். மனிதன் நடந்துவிடுகிறான், கம்பி நடக்க முடியவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் பழைய குடிசையைக் கொண்டுபோனது. தென்னையெல்லாம் சாய்ந்ததில் கூரைக்குக் கீற்றும் கிடைக்கவில்லை. மூணு வருஷம் கழித்து, கல் வீடாகவே கட்டுவது என்று முடிவெடுத்தோம். செங்கல்லையும் சிமெண்டையும் தலைச்சுமையாக வரப்பில் கொண்டுவந்தோம். என்னோடு காலேஜில் படித்த நாலு பேர் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். தெருவில் அத்தைமார், சித்திமார் எல்லோரும் வந்தார்கள். இன்னிக்கு உன் வீட்டுக்கு நான், நாளைக்கு என் வீட்டுக்கு நீ என்பது எங்க தெருவின் பழைய கணக்கு. ஆனால் கொத்தனார் மாமாவுக்கும் ஆசாரிக்கும் அன்றன்றைக்கு முழுக்கூலி கொடுத்தோம். “நம்ம வீடுதானே, அப்புறம் பாத்துக்கலாம்”னு மாமா சொன்னார். நான் கேட்கவில்லை. வெட்டி வேலை பார்த்தே தேய்ந்த சனம் நாம். நம்ம வீட்டில் ஒருத்தர் கூலி இல்லாமல் உளி பிடிக்கக் கூடாது.

ஆசாரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருடைய அப்பா எங்க தெருவுக்குள் வந்ததே இல்லை. கதவுக்கு அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். செய்த கதவை வாய்க்கால் மதகில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் திடலுக்கே வந்து நிலை நிறுத்தினார், எங்களோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டார். கை கழுவும்போது மெதுவாக, “அண்ணே, ஊர்ல சொல்லிக்காதீங்க”ன்னார். அதனால் அவர் பேரும் ஊர் பேரும் இங்கே இல்லை. அவர் சாப்பிட்டதும் உண்மை, பயந்ததும் உண்மை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

வெளிச்சத்துக்கு ஐடிஐ படித்த தம்பி ஒருவன் வழி சொன்னான். நூறு வாட் சோலார் தகடு ரெண்டு, தெற்குப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குக் குறையாமல் கிடைக்கும். ஒன்பது வாட் பல்பு நாலும், பேட்டரியில் நேராக ஓடுகிற மின்விசிறி ஒன்றும் ராத்திரி முழுக்க ஓடினால்கூட முக்கால் யூனிட்டைத் தாண்டாது. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்றான். புயல் வந்தால் கழற்றி உள்ளே வைக்கத் தோதாகத் தகடுகளை நட்டு போல்ட்டில் மாட்டினான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் வெயில் இருக்காது. அப்போது ஒரு பல்புதான்.

பட்டணத்தில் சிலர் கம்பி இல்லாமல் வாழ்வதை ஒரு கொள்கையாகப் பேசுகிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது, ஏனென்றால் வாசல்வரை கம்பி வந்திருக்கிறது. எங்களுக்கு அது மறுக்கப்பட்டது. சூரியனிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்பதால் அந்த மறுப்பு நியாயமாகிவிடாது.

முதல் ராத்திரி விளக்குப் போட்டதும் அத்தை சுவர் ஓரமாகப் போய் நின்று, தலைக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. “ஒங்க தாத்தா பாக்கலியே”ன்னாள்.

மனுவை நாங்கள் திரும்ப வாங்கவில்லை. அடுத்த மாதம் தம்பியும் நானும் ஆபீசுக்குப் போய் மறுபடி கேட்கப்போகிறோம். கம்பத்தோடு சேர்த்து, பாதையும் கேட்போம்.