நிக்கல் இல்லா மீளுலோகம்

வளைத்து விட்டால் முன்னைய வடிவத்துக்கே மீளும் ஓர் உலோகத்தின் வரலாற்றைக் கூற விழைகின்றேன். 1959-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவையை ஆராயத் தொடங்கினார். நிட்டினால் எனப்பட்ட அது, பிற்காலத்தில் பற்களைச் சீராக்கும் கம்பியாயிற்று. இரத்தக் குழாயை விரித்து நிறுத்தும் வலைக்குழாயுமாயிற்று.

ஆயினும் அதன் எடையில் பாதிக்கு மேல் நிக்கல். அது சிலருக்கு ஒவ்வாது. பட்டால் தோல் சிவந்து தடிக்கும். எனவே நிக்கலை விலக்க முனைந்தனர். டைட்டானியத்துடன் நியோபியம் சேர்த்தாலும் இழந்த வடிவம் மீளும் என்பது 1971-இல் வெளியாயிற்று. பின்னர் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மியாசாகி குழுவினர் இவ்வகைக் கலவைகளை வளர்த்தனர். இவற்றின் மீள்திறன் நிட்டினாலினும் குறைவே. எனினும் பலருக்கு உதவும் மருந்துப்பொருள் சிலரை வருத்துமாயின், அச்சிலருக்காகவும் உழைப்பதே அறிவியலின் அறம் என்பேன்.