சமூக ஊடகங்கள்: ஜவ்வாது மலையும் அடிவாரமும்

செய்தியைப் பெறுபவரே அதற்கு மறுமொழி சொல்லவும், அதைப் பிறருக்கு அனுப்பவும், தாமே புதிதாக ஒன்றை வெளியிடவும் இடம் தரும் இணையவழித் தொடர்பு அமைப்புகள் சமூக ஊடகங்கள் எனப்படுகின்றன. அவை ஒரு மலைப் பகுதியை எப்படி வந்தடைந்தன என்பதற்கு ஜவ்வாது மலை ஓர் எடுத்துக்காட்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இந்த மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் இதன் முதன்மையான ஊர். இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என்று கருதிவிடக்கூடாது. தமிழர்களின் சமூக ஊடக வரலாறு சென்னையிலோ மதுரையிலோ தொடங்கவில்லை, கடல் கடந்து போனவர்களிடம் தொடங்கியது. மலையில் இருந்தவர்களிடம் அது கடைசியாக வந்து சேர்ந்தது. அதற்குள் அதன் வடிவமே மாறிப்போயிருந்தது. இப்பகுதியில் பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கால இடைவெளி முக்கியம்.

முன்பிருந்தவை

மலையின் தென்மேற்கு அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அவற்றைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. ஒரு கல்லில் உருவம், பெயர், நடந்த நிகழ்ச்சி, அரசனின் ஆட்சியாண்டு எல்லாம் இருக்கும். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில், கள்ளரைக் கடித்த ஒரு நாய்கூட வீரனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருக்கிறது. இதையே பழங்காலச் சமூக ஊடகம் என்று சொல்லிவிடும் ஆசை எழலாம். ஆனால் கல்லுக்கு யாரும் மறுமொழி போட முடியாது. கேட்டுத் திருப்பிச் சொல்லும் வேலையை ஊர்க்கூட்டமும் சந்தையும் திருவிழாவும்தான் செய்துவந்தன. அங்கே பொய் சொன்னவனை அடுத்த சந்தையில் முகத்துக்கு நேராகக் கேட்க முடிந்தது.

எழுத்தின் காலம்

1990களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ் மாணவர்களும் பொறியாளர்களும் யூஸ்நெட் என்ற இணைய உரையாடல் குழுக்களில் கூடினர். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் வந்தாலும் ரோமன் எழுத்தில் வந்தது. பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய தமிழ்.நெட் குழு, தமிழிலேயே எழுதி உரையாட இடம் தந்த முன்னோடி முயற்சி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழில் தட்டச்சு செய்ய வழி வகுத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களை மின்னுருவாக்கியது. அதற்கு உழைத்தவர்கள் பல நாடுகளிலிருந்து தன்னார்வத்தோடு வந்தவர்கள்.

அக்காலத்தின் பெரிய தலைவலி எழுத்துரு. ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாக விழும். தமிழ் யூனிகோடில் 1991இலேயே இடம் பெற்றிருந்தும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிகளில் அது வேலை செய்யத் தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் வகுக்க முயன்றது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்க 2010 ஆனது. அதற்குள், வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைச் சுற்றி வலைப்பதிவர்களின் ஓர் உலகமே உருவாகியிருந்தது. சண்டைகளுக்கும் குறைவில்லை.

ஆர்க்குட்டும் ஃபேஸ்புக்கும் 2004இல் பிறந்தன. யூடியூப் 2005இலும் ட்விட்டர் 2006இலும் வந்தன. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. இவற்றில் எதுவும் அப்போது ஜவ்வாது மலையை எட்டிப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இவற்றுக்குக் கணினி வேண்டும், இணைய இணைப்பு வேண்டும், தட்டச்சுப் பழக்கமும் வேண்டும். இத்தனைக்கும் இதே மலையின் காவலூரில் 1968 முதல் வானியல் ஆய்வு நடக்கிறது. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த 1977 மார்ச் 10 இரவில், அந்தக் கோளின் வளையங்களைக் காட்டிக்கொடுத்த ஒளிக்குறைவு காவலூரிலும் பதிவானது. யுரேனஸ் வரை பார்த்த மலையில் கைப்பேசிக் கோபுரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

குரலின் காலம்

மலைக்கு இணையம் கைப்பேசி வழியாகவே வந்தது. அலை நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு முகடு நின்றால் அதற்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் டவர் எடுக்காது. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குத் தனித்தனியே கோபுரம் நட நிறுவனங்களுக்கு லாபக் கணக்கு ஒத்துவருவதில்லை. இதனால் மேட்டில் நின்றால் சிக்னல், பள்ளத்தில் இறங்கினால் இல்லை என்ற நிலை நீடித்தது. நாடு முழுவதும் இணைப்பற்ற 24,680 சிற்றூர்களுக்கு 26,316 கோடி ரூபாயில் 4ஜி சேவை தரும் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்ததே 2022 ஜூலையில்தான்.

இதற்கிடையில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. வாட்ஸ்அப் 2013 ஆகஸ்டில் குரல் செய்தியைக் கொண்டுவந்தது. பேசத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ களமிறங்கியதும் டேட்டா விலை சரிந்தது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் பெரும்பாலும் கைப்பேசி வழியே திரண்டது. 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் கிடைத்த ஜியோபோன் என்ற பட்டன் போனிலும் 2018இல் வாட்ஸ்அப் வந்துவிட்டது. இணையத்துக்கு முதலில் வந்தவர்கள் பல ஆண்டுகள் எழுதி, வாதாடி, ஏமாந்து, எதை நம்புவது என்று ஓரளவு கற்றிருந்தார்கள். குரலும் வீடியோவும் வழியாக நேரே உள்ளே வந்தவர்களுக்கு அந்தப் பயிற்சிக் காலமே கிடைக்கவில்லை.

அத்திமூர், 2018

2018இன் முதல் பாதியில், வடமாநிலத்திலிருந்து வந்த கும்பல்கள் குழந்தைகளைக் கடத்துவதாக வட தமிழகமெங்கும் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. மே 9 அன்று, மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய போளூர் வட்டம் அத்திமூர்ப் பகுதிக்கு ஒரு குடும்பத்தினர் காரில் கோயிலுக்கு வந்தனர். வழி கேட்க நிறுத்தியவர்கள் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். கடத்தல்காரர்கள் என்று சந்தேகித்த கூட்டம் அவர்களைத் தாக்கியது. சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். ஏறத்தாழ அதே நேரத்தில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டனர்.

படிப்பறிவில்லாதவர்கள் செய்தது என்று சிலர் எளிதாக முடித்துவிடுகிறார்கள். அது சரியான விளக்கமல்ல. படித்தவர்கள் நிறைந்த குடும்பக் குழுக்களிலும் அதே செய்திகள் ஓடின. தெரிந்தவர் எண்ணிலிருந்து தமிழ்க் குரலில் வரும் எச்சரிக்கையைச் சந்தேகிக்கக் காரணம் தோன்றாது. முதலில் அனுப்பியவர் யார் என்பது திரையிலும் தெரியாது. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைக்கும் இடையே மறையாக்கம் செய்யப்படுவதால், நடுவிலிருந்து எவரும் அவற்றைப் படிக்கவும் இயலாது. தனி உரையாடலுக்கு அது நல்ல பாதுகாப்பு; வதந்தியின் ஊற்றைத் தேடுவோருக்கு அதுவே சுவர்.

தொடர் கொலைகளுக்குப் பிறகு ஒன்றிய அரசின் அழுத்தத்தில், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் மறுபகிர்வுச் செய்திகளுக்கு அடையாளக் குறியிட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பும் வைத்தது. 2019 ஜனவரியில் இந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. இன்று எங்கோ ஒரு நாட்டில் ஆறாவது நபருக்குச் செய்தியைத் தள்ள முடியாமல் ஒருவர் சலித்துக்கொண்டால், அதற்கான காரணங்களில் அத்திமூரும் ஒன்று. முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வழி வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கோரின. அதை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது.

வீடியோவும் மலையும்

டிக்டாக்குக்கு 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, அதே மாதம் விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு அதையும் சேர்த்து 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டபோது, ஊரில் இருந்தபடியே உலகத்திடம் பேசலாம் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

ஜவ்வாது மலைக்கு அது இன்னும் பாதிதான் பொருந்தும். பீமன் அருவி, சாமை வயல், தேன் ஆகியவை பற்றிக் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை மேலே போய்விட்டு மாலையில் இறங்கிவிடுபவர்கள் எடுத்தவை. மலைக்காரர்கள் அவற்றில் வந்துபோகிறார்களே தவிர, கேமரா அவர்கள் கையில் இருப்பது அரிது.

மலைக்காரர் ஒருவரே செய்தியின் மையமாக வந்த வகையில் 2024 பிப்ரவரி ஒரு விலக்கு. மலையின் புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். குழந்தை பெற்ற சில நாட்களுக்குள் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர் அவர். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் வாழ்த்தினார். தமிழ்வழிக் கல்வி இடஒதுக்கீட்டையும் அதில் குறிப்பிட்டார். செய்தி தமிழ்நாடு முழுவதும் பகிரப்பட்டது. ஜவ்வாது மலை எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடிப் பார்த்தவர்களும் உண்டு.