டேட்டா லாகரும் அதன் ஸ்டிக்கரும்: ஒரு சிறு வரலாறு

"சார், உங்க ஃபீல்டு பத்தி வரலாறு மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். என் ஃபீல்டு வாகனச் சோதனை. அதில் பல வருஷம் என் கையை விட்டுப் பிரியாமல் இருந்தது ஒரு பொட்டி. பெயர் டேட்டா லாகர். லாரியோ பஸ்ஸோ காரோ சோதனைக்கு ஓடும்போது வேகம், அதிர்வு, வெப்பம், இரும்பில் ஏறும் தகைவு எல்லாவற்றையும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை குறித்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளை அது. எதை எப்படிக் குறிக்க வேண்டும் என்று அதற்குள் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கும் புரோகிராமுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதை மாற்றுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எஞ்சினை விட்டுவிட்டு இதைப்போய் எழுதுகிறானே என்று மெக்கானிக்கல் நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு வண்டி ரோட்டுக்கு லாயக்கு என்று நாம் கையெழுத்துப் போடுவது இந்தப் பொட்டி சொல்லும் சாட்சியை நம்பித்தான். வழக்கு நடக்கும்போதே சாட்சியை மாற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

வண்டியைப் பேச வைக்கும் ஆசை பழையது. கணிப்பொறியின் தாத்தா என்று நாம் படித்த சார்லஸ் பாபேஜ், 1830-களின் கடைசியில் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஒரு பெட்டியை எடுத்து, அதற்குள் நகரும் காகிதச் சுருளும் பேனாக்களும் பொருத்தி, இழுவிசையையும் பெட்டியின் ஆட்டத்தையும் கோடுகளாக வரைய வைத்தார். கணக்கு இயந்திரத்துக்காகப் பேர்போன மனிதர் டேட்டா லாகருக்கும் தாத்தா என்பது பலருக்குத் தெரியாது. 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே ஸ்ட்ரெய்ன் கேஜைக் கண்டுபிடித்தார்கள். மெல்லிய கம்பியை இரும்பின் மேல் ஒட்டினால், இரும்பு நீளும்போது கம்பியும் நீண்டு அதன் மின்தடை மாறும். அதன்பிறகு இரும்பும் பேச ஆரம்பித்தது.

நான் வேலையில் சேர்ந்த 1980-களில் எங்கள் சோதனைக்கூடத்தில் மூத்த பொட்டி ஒன்று இருந்தது. அல்ட்ரா வயலெட் ரெக்கார்டர். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிகள் கட்டிய கால்வனோமீட்டர்கள். அவை திரும்பத் திரும்ப, ஒளிப்புள்ளி ஓடும் காகிதத்தில் கோடு போடும். வெயிலில் அந்தக் காகிதத்தை வைத்தால் முழுக்கக் கறுத்துவிடும், ஒரு நாள் ஓட்டம் பூராவும் போச்சு. கறுப்பு உறையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கிவருவது போல் தூக்கிவருவோம். அப்புறம் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தால் கண் பூத்துவிடும்.

இதில் ஃபர்ம்வேர் கிடையாது. ஆனாலும் அது இல்லாத குறையைக் கால்வனோமீட்டர் தீர்த்தது. மெதுவான வகை ஒன்றைச் செருகினால் வேகமான அதிர்வை அது பார்க்காது. வேகமான வகையைச் செருகினால் பார்க்கும். ஆக எது தெரியும், எது தெரியாது என்பது அந்தக் குச்சியைப் பொறுத்த விஷயம். அதனால் எங்கள் பெரியவர்கள் ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் தேதி, வண்டி நம்பர், அதோடு கால்வனோமீட்டர் நம்பர் மூன்றையும் எழுதாமல் சுருளை மடிக்க மாட்டார்கள். இதை மனசில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஃபர்ம்வேர் என்ற வார்த்தை 1967-ல் பிறந்தது. ஆஷர் ஓப்ளர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். அவர் நினைத்தது கணிப்பொறியின் செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோடை. ஹார்டுவேரும் அல்லாமல் சாஃப்ட்வேரும் அல்லாமல் நடுவில் நிற்பது என்று பொருள். பிறகு சிப்புக்குள் பதித்து வைத்த எல்லாப் புரோகிராமுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1971-ல் இன்டெல் கம்பெனியின் டோவ் ஃப்ரோமன் ஈப்ராம் என்ற சிப்பைக் கொண்டுவந்தார். முதல் ஈப்ராமில் வெறும் 256 பைட் இடம். இந்த மலரின் ஒரு பத்தி கூட அதில் அடங்காது. ஆனால் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், மின்சாரம் போனாலும் மறக்காது. சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் வழியாக அல்ட்ரா வயலெட் விளக்கைப் பதினைந்து இருபது நிமிஷம் காட்டினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். நுண்செயலி வைத்த லாகர்கள் எங்களிடம் வந்தபோது அவற்றுக்குள் இருந்ததும் இந்த ஜன்னல் வைத்த சிப்தான்.

அந்தக் காலத்தில் ஃபர்ம்வேர் அப்கிரேடு என்பது ஒரு சின்ன ஆபரேஷன். கம்பெனியிலிருந்து தபாலில் புது சிப் வரும், கறுப்புப் பஞ்சில் கால்களைக் குத்தி. பொட்டியின் ஸ்குரூ நான்கையும் கழற்ற வேண்டும். பழைய சிப்பின் 28 காலும் வளையாமல் நெம்ப வேண்டும். புது சிப்பின் பள்ளம் எந்தப் பக்கம் என்று இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்றிச் செருகினால் கரண்ட் கொடுத்ததும் சிப் காலி. ஒரு காலாவது சாக்கெட்டுக்கு வெளியே மடங்கி நிற்பது எங்கள் ஊர் வழக்கம்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, சிப்பின் ஜன்னலை மூடியிருந்த ஸ்டிக்கர். நேர் வெயிலில் ஒரு வாரம் இருந்தால் ஈப்ராம் தானே அழியும். டியூப்லைட் வெளிச்சத்தில் தொடர்ந்து இருந்தால் சுமார் மூன்று வருஷம். அதனால் ஜன்னல்மேல் ஒரு ஸ்டிக்கர் கட்டாயம். சும்மா இருக்கும் ஸ்டிக்கர்மேல் மனுஷன் என்ன செய்வான்? வெர்ஷன் நம்பரை எழுதுவான். ஆக மூடியைத் திறந்தால் எந்த ஃபர்ம்வேர் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். இரண்டாவது, மூடியைத் திறக்க வேண்டுமென்றால் காலிபரேஷன் ஸீலை உடைக்க வேண்டும். ஸீல் உடைந்தால் பொட்டி மறுபடி காலிபரேஷனுக்குப் போக வேண்டும். அதாவது ஃபர்ம்வேரை மாற்றியவன் அளவீட்டையும் சரிபார்த்தே தீர வேண்டும். இதை யாரும் சட்டமாக யோசித்துச் செய்யவில்லை. சிப்பின் லட்சணத்தால் அப்படி அமைந்தது.

1984-ல் ஜப்பானின் டோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் மெமரியை அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் அடிப்பதுபோல் ஒரே வீச்சில் அழிகிறதே என்று உடன் வேலை பார்த்த ஷோஜி அரிஇசுமி வைத்த பெயராம் அது. 1988-ல் இன்டெல் அதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் லாகர்களுக்குள்ளும் அது புகுந்தது. இனி ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை, கால் வளையும் பயம் இல்லை. லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள், ஒரு பட்டன், ஐந்து நிமிஷம். அதோடு ஸ்டிக்கரும் போயிற்று. ஸீல் உடையாமலே உள்ளே இருக்கும் ஆளை மாற்றிவிடலாம் என்றாயிற்று. வெளியே காலிபரேஷன் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கும், தேதியும் செல்லும். பொட்டி மட்டும் பழைய பொட்டி அல்ல.

இதே காலத்தில் அப்கிரேடின் தேவையும் பெருகியது. 1986-ல் டெட்ராய்ட்டில் போஷ் கம்பெனி கேன் என்ற தகவல் இணைப்பை அறிமுகம் செய்தது. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் இரண்டே கம்பியில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. அதுவரை லாகர் நாங்கள் ஒட்டிய சென்சாரை மட்டும் பார்த்தது. அதன்பிறகு வண்டியின் பேச்சையும் ஒட்டுக்கேட்க வேண்டியதாயிற்று. வண்டிகளின் பேச்சு மாற மாற, லாகரும் புதுப்பாடம் படிக்க வேண்டும். பாடம் என்றால் ஃபர்ம்வேர்தான். எல்லாப் பாடமும் அதில் ஏறாது என்பது வேறு விஷயம். 2012-ல் வந்த கேன் எஃப்.டி. ஒரு செய்தியில் 8 பைட்டுக்குப் பதில் 64 பைட் அனுப்பும்; அதைப் புரிந்துகொள்ளாத பழைய கன்ட்ரோலர் சிப்புக்கு எந்த ஃபர்ம்வேரைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இனி, 2000-களின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம். ஒரு பஸ் சேஸிஸில் பிரேக்குக்குக் காற்றுச் சேமிக்கும் டாங்க்கைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸில் அந்த டாங்க் கழன்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பிராக்கெட் செய்பவர் கனமான புது டிசைன் கொடுத்தார். மணல் மூட்டை ஏற்றி அதே கரடுமுரடான டிராக்கில் ஓட்டினோம். அந்த வாரம்தான் லாகர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் பையன் வந்து, "சார், புது வெர்ஷன் வந்திருக்கு, ஃப்ரீதான்" என்று மதிய சாப்பாட்டு நேரத்தில் ஏற்றிவிட்டுப் போயிருந்தான்.

புது பிராக்கெட்டில் தகைவு கணிசமாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், பிராக்கெட்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டார். எங்கள் மூத்த டெக்னீஷியன் மட்டும் கிராஃபைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "பிராக்கெட்டைத்தானே சார் மாத்தினோம், ஆக்ஸில் ஏன் மெதுவா குதிக்குது?"

எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். ஆக்ஸிலில் ஒட்டியிருந்த அதிர்வுமானியிலும் உச்சங்கள் அதே மாதிரி மழுங்கியிருந்தன. ஆக்ஸிலை யாரும் தொடவில்லை. வழக்கமான ஷன்ட் காலிபரேஷன் போட்டுப் பார்த்தோம், கச்சிதமாக இருந்தது. இருக்கும்தான். அது அசையாத சிக்னல். பிறகு சிக்னல் ஜெனரேட்டரை வைத்து அலையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது குட்டு வெளிப்பட்டது. மெதுவான அலை முழுசாக வந்தது, வேகம் ஏற ஏற உயரம் குறைந்தது. புது ஃபர்ம்வேரில் ஒரு ஃபில்டர் தானாகவே வேலை செய்யும்படி வைத்திருந்தார்கள். ரெக்கார்டர் காலத்துப் பாஷையில் சொன்னால், யாருக்கும் சொல்லாமல் மெதுவான கால்வனோமீட்டரைச் செருகியிருந்தார்கள்.

இதில் எவ்வளவு ஆபத்து என்று மாணவத் தம்பிகளுக்கு ஒரு கணக்கு. உலோகச் சோர்வில் தேய்மானம் தகைவின் பல மடங்குப் பெருக்கமாக ஏறும். அடுக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். தகைவை 10 சதவீதம் குறைவாக அளந்தால் தேய்மானம் 0.59 பங்குதான் என்று கணக்கு வரும், ஆயுள் 1.7 மடங்கு என்று ரிப்போர்ட் போகும். பத்து சதவீதத் தப்பு எழுபது சதவீதப் பொய்யாகிவிடும். நல்லவேளையாக அன்று முழு சிக்னலும் பதிவாகியிருந்தது, ஒப்பிட முடிந்தது. அதற்கு முந்தைய தலைமுறை லாகர்களில் நினைவு இடம் குறைவு. ஆகவே டாட்சுவோ எண்டோவும் மட்சுயிஷியும் 1968-ல் வெளியிட்ட ரெயின்ஃபுளோ முறைப்படி அலைகளை ஓடும்போதே எண்ணி, எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மூல சிக்னலைத் தூக்கிப்போட்டுவிடும் வழக்கம் இருந்தது. அப்படி இருந்திருந்தால் ஆக்ஸில் குதித்ததை யார் பார்த்திருப்பார்கள்?

பழைய வெர்ஷனை மறுபடி போடுங்கள் என்றோம். "எங்ககிட்டயே இல்ல சார்" என்றார்கள். ஃபில்டரைக் கையால் அணைத்துவிட்டுச் சோதனையை முதலிலிருந்து ஓட்டினோம். புது பிராக்கெட் பழையதை விடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. இன்னொரு தடவை டிசைன் மாற்றி, அதுதான் பஸ்ஸில் ஏறியது.

அதன்பிறகு எங்கள் பிரிவில் ஒரு ஏற்பாடு வந்தது. சோதனை நடுவில் அப்கிரேடு கிடையாது, ஃப்ரீயாக இருந்தாலும் சரி. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே அலைகளைக் கொடுத்துப் பார்த்து, அதே டிராக்கில் மூன்று சுற்று ஓட்டி ஒப்பிட வேண்டும். பழைய வெர்ஷன் நம் சி.டி.யில் இருக்க வேண்டும். சேமித்த செட்டிங் எல்லாவற்றையும் முதலில் நகலெடுக்க வேண்டும். ஏற்றும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சரிந்து, பாதி எழுதிய பொட்டி செங்கல்லாகிவிடும். இப்போது வரும் பொட்டிகள் புதியதை ஓர் அறையிலும் பழையதை இன்னோர் அறையிலும் வைத்திருக்கும், எழுதுவது பாதியில் நின்றால் பழையதில் எழுந்துகொள்ளும். அந்த வசதி அப்போது எங்களுக்கு இல்லை.

உலகமும் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. சோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரவிதி, கருவியையும் அதன் சாஃப்ட்வேரையும் பதிவு செய்யச் சொல்லி வந்தது; 2017 பதிப்பில்தான் ஃபர்ம்வேர் வெர்ஷன் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் ஏறியது. வண்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை மாற்றுவதற்கு ஐ.நா.வின் 156-ஆம் விதிமுறை 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அளக்கப்படும் வண்டியும் மாறிக்கொண்டிருக்கிறது, அளக்கும் பொட்டியும் மாறிக்கொண்டிருக்கிறது; செல்போன் சிக்னல் வழியாகவே, நாம் தூங்கும்போது கூட. இரண்டின் நம்பரும் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக அப்கிரேடே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடக்கூடாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வாரத்தை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை வந்தது, 2019 ஏப்ரலில் மறுபடி. அப்கிரேடு செய்யாத லாகர்களில் சில, நேற்று ஓடிய வண்டிக்கு இருபது வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போட்டன. அடுத்தது 2038 நவம்பர் 20. இன்று மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி தங்கைகள் அப்போது சோதனைப் பிரிவுக்குத் தலைவர்களாக இருப்பீர்கள். ஒரு எச்சரிக்கை: பல ரிசீவர்களில் அந்த 1024 வாரக் கணக்கு ஃபர்ம்வேர் எழுதிய தேதியிலிருந்து ஓடும். ஆகவே அந்தப் பொட்டிகள் நவம்பர் 20 வரை காத்திருக்காது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். எந்த நாள் என்று தெரிந்துகொள்ள அதன் வெர்ஷனை எழுதி வைத்த ஒரு ஸ்டிக்கர் இருந்தால் போதும்.