அப்பாவின் பெட்டி

போன மாதம் இங்கே புனேயில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த அப்பா "யம்மா" என்று உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் மாடு உதைத்த மாதிரி இருந்ததாம். உதைத்தது அவர் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் ஐசிடி. பேஸ்மேக்கரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அண்ணன் மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தட்டி எழுப்புவான். தம்பி தறிகெட்டு ஓடும் இதயத்துக்கு ஷாக் கொடுப்பான்.

பெட்டியில் பதிவாகியிருந்த துடிப்பைப் பார்த்த டாக்டர், இந்த ஷாக்கே தேவைப்படவில்லை, பெட்டி ஏமாந்துவிட்டது என்றார். அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதன் கதையைத் தேடிப் படித்தேன்.

வார்சாவில் 1924-ல் பிறந்தவர் மிஷேல் மிரோவ்ஸ்கி. நாஜிகள் நுழைந்த 1939-ல் ஊரை விட்டு ஓடினார். குடும்பத்தில் பிழைத்தது அவர் ஒருவர்தான். பிறகு இஸ்ரேலில் டாக்டர். அவருடைய குரு ஹாரி ஹெல்லர் 1966-ல் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு நகராமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். ஷாக் மெஷினையே உடம்புக்குள் வைத்தால் என்ன என்று கேட்டார் மிரோவ்ஸ்கி. 1968-ல் பால்டிமோர் போய், மார்ட்டன் மோவருடன் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். டிசி ஷாக் முறையைக் கொண்டுவந்த பெர்னார்ட் லோனே 1972-ல் இது வேண்டாத வேலை என்று எழுதினார். நாய் சுருண்டு விழுந்து, ஷாக் வாங்கி, வாலாட்டிக்கொண்டு எழுவதைப் படம் எடுத்துக் காட்டினால், பழக்கிய நாய் என்றார்களாம்!

ஷாக் கொடுப்பது சுலபம். எப்போது கொடுப்பது என்பதுதான் வம்பு. நல்ல இசிஜியில் கோடு பெரும்பாலும் சமமாக ஓடும், நடுநடுவே ஒரு குத்து எழும்பும். கீழறை நடுங்கும்போது அந்தச் சமக்கோடே இருக்காது. முதல் பெட்டி பார்த்தது இதைத்தான். 1980 பிப்ரவரி 4-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் நோயாளிக்கு, நெஞ்சைத் திறந்து பொருத்தினார்கள். 1985-ல் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது.

இன்றைய பெட்டிகள் இன்னும் விசாரிக்கும். வேகம் திடீரென்று வந்ததா, படியேறும்போது வருவதுபோல் மெல்லக் கூடியதா? சீராக இருக்கிறதா? அலையின் வடிவம் வழக்கமானதா? கீழறை வேகம் என்றால் பெரும்பாலும் முதலில் வலிக்காத சின்னத் துடிப்புகளால் அடக்கப் பார்க்கும். முடியாவிட்டால்தான் ஷாக்.

அப்பாவுக்கு அன்று குழம்பியது மேலறை. துடிப்பு சீரில்லாமல்தான் இருந்தது. ஆனால் வேகம் எல்லையைத் தாண்டியதும் பெட்டி அடித்துவிட்டது. டாக்டர் எல்லையை மாற்றி மாத்திரையும் கூட்டினார்.

அப்பா இப்போதும் அதே படியில் ஒரு நிமிஷம் நின்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். லிஃப்டில் வாங்கப்பா என்றால் கேட்பதில்லை.