வாடிவாசலும் ஒலிம்பியாட் அரங்கும்

விளையாட்டுச் சுற்றுலா ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படுபவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெதர் கிப்சன். தானே ஆடப் போவது, ஆட்டம் பார்க்கப் போவது, புகழ்பெற்ற களங்களைக் காணப் போவது என்று பயணத்தை மூன்றாக வகுத்தவர் அவர். சிறிய அளவில் மறுபடி மறுபடி நடக்கும் போட்டிகளே உள்ளூருக்கு அதிகம் பொருந்தும் என்பதும் அவர் ஆய்வுகள் முன்வைக்கும் கருத்து. அதை உரசிப் பார்க்க நம்மிடம் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு: அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்.

ஒலிம்பியாட் தானாக நம்மைத் தேடி வந்ததல்ல. உக்ரைன் மீதான படையெடுப்பால் ரஷ்யா அதை நடத்தும் வாய்ப்பை இழக்க, தமிழ்நாடு முந்திக்கொண்டு வாங்கியது. சுமார் நான்கே மாத ஏற்பாட்டில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, 186 நாடுகள் கலந்துகொண்டன. பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள். பதினொரு சுற்றும் முடியும்வரை அணிகள் ஊரைவிட்டு நகர முடியாது. ஓய்வு நாளில் கடற்கரைக் கோயிலுக்குப் போகலாம், கடைவீதியில் சிற்பம் வாங்கலாம். இரண்டு வாரத் தங்கல் என்பது விடுதிக்காரருக்குப் பெரிய விஷயம். ஆனால் அடுத்த ஒலிம்பியாட் 2024இல் புடாபெஸ்டுக்குப் போய்விட்டது.

அலங்காநல்லூருக்கு யாரும் ஏலம் கேட்க வேண்டியதில்லை. தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். தென்னை நார்க் கழிவு பரப்பிய களத்தில் முதலில் கோயில் காளை அவிழ்க்கப்படும். அதை யாரும் பிடிப்பதில்லை. பிறகு வாடிவாசலைத் தாண்டிப் பாயும் ஒவ்வொரு காளையின் திமிலையும் வண்ணச் சட்டை அணிந்த மாடுபிடி வீரர்கள் தாவிப் பிடிக்க முயல்வார்கள். வெளிநாட்டினருக்குச் சுற்றுலாத் துறை தனி மேடையே போடுகிறது. ஆனால் அவர்களில் பலர் மதுரையில் தங்கி, வந்து, பார்த்து, திரும்பிவிடுகிறார்கள். காளை வளர்ப்பவரோ ஆண்டு முழுதும் தீவனத்துக்குச் செலவழிக்கிறார். விழாவைச் சுமப்பவருக்கு, விழா பார்க்க வருபவரின் பணம் நேராகப் போய்ச் சேர்வதில்லை. இதைத்தான் பெரிய குறையாக நான் பார்க்கிறேன். உயிரிழப்பும் காயமும் கணக்கில் வராத எந்த மதிப்பீடும் நேர்மையானதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. ஒலிம்பியாட் பாணி வசதியை ஜல்லிக்கட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி இது. நல்ல இருக்கை, பாதுகாப்பு, மருத்துவ வசதி எல்லாம் தேவைதான். ஆனால் தெருவில் திரளும் கூட்டத்தைக் கிராமத்திலிருந்து அகற்றிவிட்டால், பலகாரக் கடைக்கும் டீக்கடைக்கும் கிடைக்கும் வியாபாரமும் அகன்றுவிடும்.

மாமல்லபுரம் போட்டியால் மாநிலத்துக்கு உலகக் கவனம் கிடைத்தது. அந்தச் செலவு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் கைக்குக் கிடைக்கும் வாய்ப்பு மதுரைக் கிராமங்களில்தான் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக மாணவர்கள் வரும் தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் கடைத்தெருவில் நின்று, வந்தவர் எங்கே தங்கினார், யாரிடம் என்ன செலவழித்தார் என்று கேட்டு எழுத வேண்டும். அதைப் பார்த்த பிறகு அடுத்த அரங்கத்தைப் பற்றி யோசிக்கலாம்.