கண்ணைப் பறித்தால் பாட்டு வருமா?

சனிக்கிழமை ராத்திரி இங்கே சியோலில் நல்ல பனி. வெளியே போக வழியில்லாமல் 'சொப்யோன்ஜே' படத்தைத் திரும்பவும் பார்த்தேன். இம் குவோன்-தேக் இயக்கி 1993ல் வந்தது. சியோலில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்த முதல் கொரியப் படம்.

ஒரு பாடகர், பக்கத்தில் ஒரு மேளக்காரர், மணிக்கணக்கில் கதை. இதுதான் பன்சோரி. படத்தில் ஊர் ஊராக அலையும் பாடகர், வளர்ப்பு மகள் குரலில் 'ஹான்' வரவேண்டும் என்று அவள் கண்ணையே குருடாக்குகிறார். ஹான் என்றால் உள்ளே கட்டிப்போன தீராத துக்கம்.

எனக்கோ ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் பழவங்காடிக்காரன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தத்தில் வளர்ந்தவன்.

எங்கள் திருவனந்தபுரத்துக்கு 1899ல் ஒரு விதவைத் தாய் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் போலகம் சொந்த ஊர். பையன் ராமையாவுக்கு ஏழு வயதிலேயே அப்பா போய்விட்டார். பையன் இங்கே மலையாளம் கற்றான், சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தான். நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாட்டுகளும் பஜனைகளும் அவனைப் பிடித்துக்கொண்டன. 1910ல் அம்மாவும் போனாள். அண்ணன் இருந்த பாபநாசத்துக்குப் போனான். விபூதியும் பஜனையுமாகத் திரிந்தவரை ஊர் 'சிவன்' என்றது. ஆமாம், பாபநாசம் சிவனேதான் :)

1934ல் 'சீதா கல்யாணம்' தொடங்கி அவர் பாட்டு சினிமாவுக்குள் போனது. 1944ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. சபா வாசலை மிதிக்காதவனும் சாருகேசியை முணுமுணுத்தான். கொரியாவில் அருகிப்போன பன்சோரியை ஜனங்கள் சினிமாவில் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நம்மிடம் உயிரோடிருந்த சங்கீதம் சினிமா ஏறித் தெருவுக்கு வந்தது.

சிவனுக்கும் துக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் பாட்டாக்கியது பஜனைக் கூட்டம். பத்துப் பேரோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் பாடிய பழக்கம். அந்தப் படத்து அப்பாவுக்கு இது புரியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அப்பா போன வருஷம். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பி வந்தபிறகு அம்மா போனில், "அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு பாடேண்டா" என்றாள். சிவன் பாட்டுதான். துக்கம் தொண்டை வரைக்கும் இருந்தது. பாட்டுதான் வரவில்லை. சின்ன வயதில் பாட்டு கிளாஸுக்கு மட்டம் போட்டுவிட்டு, கிழக்கே கோட்டையில் பஸ் எண்ணிக்கொண்டு நின்றவன் நான்.

அம்மாவே பாடினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.