நொக்காடியா நோய்: பெயரும் மருந்தும்

ஒரு நோயின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கண்டறிந்தோரின் வெற்றி வரலாறாகவே எழுதப்படுகின்றது. நொக்காடியா நோயின் வரலாறோ, ஓர் உயிரை மற்றோர் உயிராகக் கருதிய மயக்கங்களின் வரலாறாகும். அம்மயக்கங்கள் இன்றும் முற்றாக நீங்கினவல்ல. ஆதலின் அவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

பிரான்சு நாட்டு விலங்கு மருத்துவரான எட்மண்ட் நொக்கார், 1888ஆம் ஆண்டிலே, குவாதலூப்புத் தீவின் மாடுகளைப் பற்றிய நோயொன்றிலிருந்து, நூல்போலக் கிளைத்து வளரும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டில் திறெவிசான் என்னும் இத்தாலிய அறிஞர், கண்டவர் பெயராலேயே அதனை நொக்காடியா என வழங்கினார். 1890இல் எப்பிங்கர் என்பார், மூளையிற் சீழ்க்கட்டி கொண்டு இறந்த ஒருவரிடத்து இவ்வினக் கிருமியைக் கண்டார். அதன் வளர்ச்சி விண்மீனை ஒத்திருந்தமையால் அவ்வடிவு குறித்தே அதற்குப் பெயருமிட்டார்.

முதல் மயக்கம் வடிவினால் நேர்ந்தது. கிளைத்த இழைகளைக் கண்டோர் இதனைப் பங்கசு இனத்தோடு நெடுங்காலம் சேர்த்தெண்ணினர். ஆயின் இதன் கலத்தில் உண்மையான கரு இல்லை. கலச்சுவரும் பற்றீரியாவின் சுவரே. இது வெறும் பெயர் வழக்கன்று. பங்கசினைக் கொல்லும் மருந்து பற்றீரியாவைக் கொல்லாது. மதுரையிலே 1842இல் கில் என்னும் மருத்துவர் விவரித்தமையால் 'மதுரைக் கால்' எனப் பெயர்பெற்ற நோய் இதற்குச் சான்று. அந்நோய் சிலரிடத்துப் பங்கசினாலும், சிலரிடத்து நொக்காடியா முதலிய பற்றீரியாக்களாலும் உண்டாவது. 1916இல் சாமர்சு, ஆச்சிபால்டு ஆகிய இருவரும் சூடானிலிருந்து அந்நோயை இருவகையாகப் பிரித்து எழுதினர். அவருட் சாமர்சு முன்னர் இலங்கை மருத்துவக் கல்லூரியிற் பதிவாளராயிருந்தவர் என்பது நாம் அறியத்தக்கது.

இரண்டாம் மயக்கம் காசநோயினால் நேர்வது. இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, சுவாசப்பையிற் குழிகள் என்பன இரண்டிற்கும் பொதுவானவை. வலிய அமிலத்தாற் கழுவினும் காசக்கிருமி ஏற்ற சாயத்தை விடாது; நொக்காடியாவோ மெலிந்த அமிலத்தில் மாத்திரம் அதனை ஓரளவு தாங்கும். இவ்வேறுபாட்டை நோக்காதவிடத்து, நோயாளி காசநோய் மருந்தையே பல மாதம் உண்டு நலிவார். நொக்கார் கண்ட கிருமியெனச் சேமிக்கப்பட்ட இரு வளர்ப்புகளைப் பிற்காலத்தார் ஒப்பிட்டபோது, ஒன்று நொக்காடியாவாகவும் மற்றையது காசக்கிருமியின் இனத்ததாகவும் இருந்தமை, இம்மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும்.

மூன்றாவது தடை காலம் பற்றியது. நொக்காடியா மெல்ல வளர்வது. ஆய்வுகூடத்தில் அது புலனாக இரண்டு வாரமும் ஆகலாம். வழமையான வளர்ப்புகளோ சில நாளில் அகற்றப்படுவன. எனவே மருத்துவர் தம் ஐயத்தை ஆய்வுகூடத்தார்க்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். கிருமியின் இனத்தை இக்காலத்தில் மரபணு ஆய்வினால் துணியலாம். சுவாசப்பையிற் கண்ட நோய், குறியெதுவும் காட்டாது மூளைக்கும் பரவியிருக்கலாமாதலின், தலையையும் படமெடுத்துப் பார்த்தல் வழக்கமாயிற்று.

1940களில் சல்பா மருந்துகள் இந்நோய்க்குப் பயன்பட்டன. அதுவரை இதற்குத் தக்க மருந்து இருந்ததில்லை. பின்னர் சல்பமெதொக்சசோலும் திறைமெதொப்பிறிமும் இணைந்த மருந்து முதலிடம் பெற்றது. கடிய நோய்க்கு அமிக்காசின், இமிப்பெனெம் முதலியனவும் சேர்க்கப்படும். குணங்கண்டதும் மருந்தை நிறுத்தின் நோய் மீளும். ஆதலின் சுவாசப்பை நோய்க்கு ஆறு மாதமேனும், மூளை நோய்க்கு ஓராண்டேனும் மருந்து கொடுப்பர்.

நொக்காடியா மண்ணில் எங்கும் வாழ்வது. பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. உறுப்பு மாற்றம் பெற்றோரும், நெடுநாள் தெரொயிட்டு மருந்து உண்போரும் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியோரையே அது பெரிதும் வருத்தும். மருத்துவம் வளர வளர அத்தகையோர் தொகையும் பெருகுகின்றது. ஆதலின் இவ்வரிய நோயை நினைவிற்கொள்ளும் கடமை முன்னையினும் இன்று மிகுந்துள்ளது. மருந்து கையிலிருந்தும், பெயரறியாமையால் ஓருயிர் மாளுதல் தகாது.